சிவப்புக் காய் – 9: முதலில் உலகம், அப்புறம் சாம்பியன்

ஊருக்கு ஊர் ஒரு விதி, வீட்டுக்கு வீடு ஒரு பலகை என்று கிடந்த கேரமுக்கு 1956-இல் அகில இந்தியக் கூட்டமைப்பு ஒன்று அமைந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மாநிலங்கள் மோதிக்கொள்ள ஒரு மேடை கிடைத்தது. தேசியச் சாம்பியன் இவர்தான் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடிந்தது. அதற்கு மேலே படி இல்லை. இந்தியாவில் முதலாவதாக நிற்பவர் உலகத்திலும் முதலாவதுதானா என்று கேட்டால், ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. இந்த வாரம் 1988-க்கும் 1996-க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைப் பார்க்கப்போகிறோம். ‘இருக்கலாம்’ என்பது ‘ஆம்’ ஆனது அந்த எட்டு ஆண்டுகளில்தான்.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்றார். தேசியச் சாம்பியன் பட்டம் ஒன்பது முறை அவர் கைக்கு வந்தது. இதுபோன்ற சாதனைகளைச் சொல்வதற்கென்றே ஒரு வாய்ப்பாடு நம்மிடம் இருக்கிறது: பிறவியிலேயே வந்த கை, அசையாத கண், விடாத உழைப்பு. அதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. இராஜபாளையத்தில் ஆலை ஷிப்டு முடிந்து வந்தவர்களும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கோடை விடுமுறைப் பிள்ளைகளும் அதே 19 காய்களை வைத்துக்கொண்டு அதே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். நல்ல கை அந்தப் பக்கம் பிறக்கவே இல்லை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். பிறகு ஏன் அந்த இரண்டு உலகப் பட்டங்களும் சென்னைக்கே போயின? இந்தப் பகுதியின் வாதம் இதுதான். சாம்பியன் உருவாகக் கை மட்டும் போதாது. எங்கே போனாலும் மாறாத அளவு வேண்டும். அடிக்கடி தன்னைத் தோற்கடிக்கும் எதிராளி வேண்டும். வென்றவர் ஏறிப்போக அடுத்த படி வேண்டும். இவை கூடிய இடத்தில் பிறந்த கைதான் வரலாற்றில் பதிகிறது. மற்றவை அந்தந்தத் தெருவின் நினைவோடு நின்றுவிடுகின்றன.

1988 அக்டோபர் 15

அன்று சென்னையில் சர்வதேச கேரம் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. செய்தி என்று பார்த்தால் சிறிய செய்திதான். இன்னொரு சங்கம், இன்னொரு பெயர்ப்பலகை. ஆனால் கேரமின் கதையில் அதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த ஆட்டம் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு வேரூன்றி இருந்தது. இங்கிருந்து குடியேறியவர்களோடு இங்கிலாந்துக்குப் போயிருந்தது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் அதை விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆட்டம் பல நாடுகளில் இருந்தது. அந்த நாடுகளை ஒரே பலகையின் முன் உட்காரவைக்கும் ஏற்பாடுதான் இல்லை. கேரமை ஒரே விதிக்குள் கொண்டுவர உழைத்தவர்களில் பங்காரு பாபுவின் பெயர் முன்னால் நிற்கிறது. அவரைப் போன்றவர்களின் வேலை கைதட்டல் வாங்கித் தரும் வேலை இல்லை. அளவு குறிப்பது, விதி எழுதுவது, கடிதம் போடுவது, நடுவர்களைத் தயார்செய்வது. ஆனால் அந்த வேலை முடியாமல் ‘உலகச் சாம்பியன்’ என்ற இரண்டு சொற்களுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

ஏன் என்பதை வீட்டு ஆட்டமே காட்டிவிடும். கருப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, சிவப்புக்கு ஐம்பது என்று ஒரு தெருவில் கணக்கு வைப்பார்கள். பக்கத்துத் தெருவில் ஐந்து, பத்து, இருபத்தைந்து. கட்டைவிரலால் அடிக்கலாமா கூடாதா என்பதற்கு ஓர் இடத்தில் ஒரு தீர்ப்பு. ரெட்டைப் போட்டுவிட்டு அதைத் தொடர்ந்து ஃபாலோ காய் போடத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் இடத்தில் இன்னொரு தீர்ப்பு. பலகைக்குச் சொந்தக்காரர் சொல்வதே கடைசிச் சட்டமாக இருக்கும் வீடுகளும் உண்டு. பொழுதுபோக்குக்கு இதனால் ஒரு குறையும் வராது. ஆனால் இப்படி ஆடிய இரண்டு ஊர்களின் முதல்தர ஆட்டக்காரர்களை எதிரெதிரே உட்காரவைத்தால் யார் உயர்ந்தவர் என்று தெரியவராது. யாருடைய விதியில் ஆடினார்கள் என்பதுதான் தெரியவரும். திறமையை ஒப்பிட வேண்டுமானால் திறமையைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். 1988-இல் சென்னையில் தொடங்கியது அந்த ஒருமைதான்.

மூன்று மில்லிமீட்டர்

சர்வதேச விதிப்படி ஆடுதளம் 73.5 முதல் 74 செ.மீ. வரையிலான சதுரம். காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ.; எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 4.13 செ.மீ. விட்டத்துக்கும் 15 கிராம் எடைக்கும் மிகக்கூடாது. குழியின் விட்டம் சுமார் 4.45 செ.மீ. அதாவது ஸ்ட்ரைக்கருக்கும் குழிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மூன்று மில்லிமீட்டரும் சொச்சமும்தான். பலகையின் வழவழப்புக்கும் ஒரு சோதனை உண்டு. ஓங்கி அடித்த ஸ்ட்ரைக்கர் சட்டத்துக்குச் சட்டம் குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் 15 விநாடிதான் அவகாசம். அடிக்கலாம், தள்ளக்கூடாது. பலகை நிற்கும் உயரம், நாற்காலியின் உயரம், மேலே தொங்கும் விளக்கு என எல்லாவற்றுக்கும் வரையறை இருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். காயைப் போல மூன்று மடங்கு எடையுள்ள ஸ்ட்ரைக்கர் நேராக மோதும்போது, காயைத் தள்ளிவிட்டு அதுவும் பின்னாலேயே ஓடும். எவ்வளவு ஓடும் என்பது பலகையின் வேகத்தைப் பொறுத்தது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிய மலிவான பலகையில் பழகிய கை, ஓங்கி அடிக்கக் கற்றுக்கொள்கிறது. அதே அடியைப் போரிக் பவுடர் தூவிய போட்டிப் பலகையில் அடித்தால், காய் குழியின் ஓரத்தில் மோதித் திரும்பி வருகிறது. ஸ்ட்ரைக்கர் குழிக்குள் இறங்கி, போட்ட காயையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறது. குழி சற்றுப் பெரிதாக இருக்கும் பலகையில் வளர்ந்தவருக்குத் தன் குறி எவ்வளவு பிசகுகிறது என்பதே தெரியாது. காய்தான் எப்படியும் விழுந்துவிடுகிறதே. ஆக, அளவில்லாத பலகை ஒருவரின் திறமையை மறைப்பதோடு நிற்பதில்லை. அது தவறான திறமையைப் பழக்கிவிடுகிறது. பத்து ஆண்டுகள் ஆடியவரின் கையிலிருந்து அதை எடுக்க இன்னொரு பத்து ஆண்டுகள்கூட ஆகலாம்.

போட்டி முறையும் இதே நோக்கத்தோடு அமைந்ததுதான். முதல் அடி அடிப்பவருக்கு வெள்ளைக் காய்கள். கை ஒத்துழைத்தால் ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிடலாம். அதற்குப் பெயர் வொயிட் ஸ்லாம். எதிரே இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே அந்தச் சுற்றை, அதாவது அந்தப் போர்டைத் தோற்றுவிடுவார். ஒரே போர்டில் வெற்றியைத் தீர்மானித்தால், முதல் அடி யாருக்கு என்பதே பாதி முடிவாகிவிடும். அதனால்தான் 25 புள்ளி அல்லது எட்டுப் போர்டு கொண்டது ஓர் ஆட்டம், மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவருக்கு வெற்றி என்று வைத்தார்கள். முதல் அடி மாறி மாறி வரும். சிவப்புக்கு மூன்று புள்ளி. அதுவும் 21 புள்ளி வரைக்கும்தான், அதற்கு மேல் கிடையாது. முன்னால் போய்விட்டவர் சிவப்பை மட்டும் நம்பி முடித்துவிட முடியாதபடி செய்த ஏற்பாடு இது. அதிர்ஷ்டத்துக்கு ஒரு போர்டில் இடம் உண்டு, இரண்டில் உண்டு. இருபது போர்டு தாண்டிய ஒரு மோதலில் அதற்கு இடம் மிகக் குறைவு.

டெல்லி, 1991

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதல் உலகச் சாம்பியன்ஷிப் டெல்லியில் நடந்தது. பட்டம் மரிய இருதயத்துக்கு.

இதை நாம் இப்போது சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அந்தப் பட்டத்துக்கு எதிராக இரண்டு கேள்விகளை யாரும் எழுப்பியிருக்கலாம். ஒன்று, போட்டி நடந்தது இந்திய மண்ணில். பலகை, பவுடர், தட்பவெப்பம், பார்வையாளர் எல்லாம் இந்தியருக்குப் பழகியவை. கேரமில் தட்பவெப்பம் சின்ன விஷயம் இல்லை; காற்றில் ஈரம் ஏறினால் பலகையின் ஓட்டம் குறையும், உள்ளங்கை வியர்த்தால் விரல் வழுக்கும். இரண்டு, முதல் போட்டி எதுவாக இருந்தாலும் அதை ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய போட்டி இருக்காது. ஒரு முறை வென்றவரை அன்றைக்குச் சிறந்தவர் என்று சொல்லலாம். தலைமுறையின் சிறந்தவர் என்று சொல்ல அந்த ஒரு வெற்றி போதாது. தேசிய அளவில் அவர் பெற்ற பட்டங்களைக் காட்டி இதற்கு ஓரளவு பதில் சொல்லலாம். ஆனால் தேசியப் பட்டங்களும் இதே மண்ணில், இதே சூழலில் வென்றவைதான் என்று எதிர்த்தரப்பு மடக்கிவிடும்.

எனவே 1991 ஒரு தொடக்கம், சான்று ஆகாது. ஓர் அளவு சரியானதா என்பதை அந்த அளவை ஒரு முறை பயன்படுத்தி அறிய முடியாது. ஒரே மூட்டையை வேறு வேறு ஊரில், வேறு வேறு நாளில், இரண்டு தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே எடையைக் காட்டினால்தான் தராசையும் நம்பலாம், மூட்டையையும் நம்பலாம்.

கொழும்பு, 1995

இரண்டாவது தராசு கொழும்பில் இருந்தது. இலங்கை கேரமுக்குப் புதிய நாடு இல்லை. அங்கும் அது வீட்டு ஆட்டம், வாசல் ஆட்டம், ஊர் மன்றத்து ஆட்டம். அங்கே ஆடிப் பழகியவர்கள் இந்தியர்களைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் இல்லை என்பதைப் பிற்கால வரலாறு எழுதியே காட்டியது. 2012-இல் அதே கொழும்பில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். ஆக, 1995-இல் கொழும்புக்குப் போன சாம்பியன், தனக்குச் சமமாக ஆடத் தெரிந்தவர்களின் வீட்டுக்கே போயிருந்தார்.

நான்கு ஆண்டு இடைவெளி. வேறு நாடு. வேறு பார்வையாளர்கள். புதிதாக வளர்ந்துவந்த எதிராளிகள். எல்லாம் மாறிய பிறகும் பட்டம் கைமாறவில்லை. மரிய இருதயமே மீண்டும் வென்றார். வரலாற்றாசிரியர் நின்று பார்க்க வேண்டிய இடம் டெல்லியைவிடக் கொழும்புதான். முதல் வெற்றி அவரை உலகச் சாம்பியன் ஆக்கியது. இரண்டாவது வெற்றி, அந்தப் போட்டியே உண்மையான உலகப் போட்டிதான் என்பதற்குச் சாட்சி சொன்னது. தற்செயலை அளக்கும் போட்டியாக இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வந்து நின்றிருப்பார்கள். 1988-இல் வரையறுத்த மில்லிமீட்டரும் கிராமும் திறமையைத்தான் அளக்கின்றன என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான ஆதாரம் இந்த இரட்டை வெற்றி. சாம்பியனுக்கு விதிப் புத்தகம் தேவைப்பட்டது போலவே, விதிப் புத்தகத்துக்கும் ஒரு சாம்பியன் தேவைப்பட்டார்.

‘இது ஓர் உலகமா?’

இங்கே ஒரு மறுப்பு வரும். விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள் கூடி ஆடும் போட்டியை உலகச் சாம்பியன்ஷிப் என்று சொல்லலாமா? அதில் வென்றவரைக் கால்பந்து, தடகள உலகச் சாம்பியன்களோடு சேர்த்துப் பேசலாமா? மறுப்பு நியாயமானது. ஒதுக்கிவிடாமல் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத் தேட நாம் பனிநாட்டுக்குப் போவோம். கர்லிங் என்றோர் ஆட்டம். சுமார் 45 மீட்டர் நீளப் பனித்தளத்தில், 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கிரானைட் கல்லைச் சறுக்கிவிட்டு, மறுமுனையில் வரைந்த வட்டத்தின் நடுவே நிறுத்த வேண்டும். கல் போகும் பாதையை முன்னால் ஓடி ஓடித் துடைப்பத்தால் தேய்த்துக் கொடுப்பார்கள். மோதி விலக்குவது, தன் கல்லுக்கு மறைவு வைப்பது, உராய்வைக் கணக்கிடுவது என்று அடிப்படையில் அது கேரமுக்கு நெருங்கிய உறவு. அந்த ஆட்டமும் ஊருக்கு ஒரு கல், குளத்துக்கு ஒரு விதி என்றுதான் கிடந்தது. 1838-இல் எடின்பரோவில் அமைந்த சங்கம் அதை ஒரே விதிக்குள் கொண்டுவந்தது.

அதன் முதல் உலகச் சாம்பியன் என்று இன்று எண்ணப்படுவது, 1959-இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்ச் கோப்பையை வென்ற கனடா அணி. அணித் தலைவர் எர்னி ரிச்சர்ட்சன். உடன் ஆடியவர்கள் அவருடைய தம்பியும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் முறையில் வந்த இருவரும். அந்தக் கோப்பையில் மோதிய நாடுகள் எத்தனை? இரண்டே இரண்டு: கனடா, ஸ்காட்லாந்து. ரிச்சர்ட்சனின் அணி 1960, 1962, 1963 ஆண்டுகளிலும் வென்றது. இன்று கர்லிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 1998 முதல் தொடர்ந்து பதக்கப் போட்டி. ரிச்சர்ட்சனின் முதல் வெற்றி இரண்டு நாட்டுப் போட்டியில் வந்தது என்பதற்காக யாரும் அதைக் குறைத்து எழுதுவதில்லை. காரணம் எளிது: உலகப் போட்டிகள் சிறிதாகவே பிறக்கின்றன. முதலில் வருபவர் சிறிய வட்டத்தில்தான் வெல்ல முடியும். அவர் வென்றதால்தான் வட்டம் விரிகிறது. தவிர, கனடாவுக்குள் வென்று வருவதே ஸ்காட்லாந்தில் வெல்வதைவிடக் கடினம் என்று கர்லிங் உலகம் அறியும். கேரமிலும் அதே கதைதான். இந்தியாவின் தேசியப் பட்டம் ஒன்பது முறை கிடைத்தது என்ற செய்தியைப் பலர் உலகப் பட்டத்துக்கு அடிக்குறிப்பாகச் சொல்கிறார்கள். எடைபோட்டுப் பார்த்தால், கனமான தட்டு அதுவாகவே இருக்கலாம்.

ஆலைச் சங்கு ஊதும் ஊரில்

கர்லிங்கைக் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் முதல் கேள்விக்கு அதுதான் வழி காட்டுகிறது. எர்னி ரிச்சர்ட்சன் பிறந்தது டொராண்டோவிலோ மாண்ட்ரீலிலோ இல்லை. சஸ்காட்சுவான் என்ற கோதுமை மாகாணத்தில், ஸ்டவுட்டன் என்ற சிற்றூரில். அந்தச் சமவெளியில் ஊர்கள் சிறியவை. ஆனால் ஊருக்கு ஒரு கர்லிங் கூடம் இருந்தது. அது மட்டும் இருந்திருந்தால் குளிர்காலப் பொழுதுபோக்காக முடிந்திருக்கும். 1927 முதல் கனடாவில் ‘பிரியர்’ என்ற தேசியப் போட்டி நடந்துவந்தது. ஊர் மன்றத்தில் வென்றவர் வட்டாரத்துக்கு, வட்டாரத்தில் வென்றவர் மாகாணத்துக்கு, மாகாணத்தில் வென்றவர் பிரியருக்கு. சிற்றூரின் கூடத்திலிருந்து உலகக் கோப்பை வரை படி விடுபடாமல் இருந்தது. அதனால் சிற்றூரிலிருந்து சாம்பியன் வந்தார்.

இப்போது இராஜபாளையத்தைப் பாருங்கள். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து ஷிப்டு நேரத்தை வைத்தே நாளை எண்ணிப் பழகிய ஊர் அது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகள். 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே கோயில், நெசவு, பால்கோவா. ஷிப்டு முறையில் வேலை செய்யும் ஊர்களில் பகலிலும் ஓய்வாக இருக்கும் ஆட்கள் எப்போதும் உண்டு. அந்த ஓய்வுக்கு ஏற்ற ஆட்டம் கேரம். மைதானம் வேண்டாம், வெயில் பிரச்சினை இல்லை, இரண்டு பேர் போதும், நான்கு பேர் என்றால் இன்னும் நல்லது. கனடாச் சிற்றூரில் பனிக்கூடம் இருந்ததற்குச் சற்றும் குறையாமல் இங்கே பலகை இருந்தது. குறைந்தது படிதான். பொங்கல் விளையாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் அடுத்து எங்கே போவார்? மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி என்று விதிப் புத்தகத்தில் வழி இருக்கிறது. ஆனால் 550 கிலோமீட்டர் தள்ளி நடக்கும் ஒரு போட்டிக்குப் போய்வர, சம்பளம் போகும் நாட்களும் ரயில் செலவும் தங்குமிடமும் வேண்டும். அதைவிட முக்கியமாக, நாள்தோறும் தன்னைத் தோற்கடிக்கும் எதிராளி வேண்டும். ஊரில் யாரும் வெல்ல முடியாத ஆட்டக்காரர், அந்த ஊரைவிட்டு வெளியே போகாதவரை, வளர்வதை நிறுத்திவிட்டவர்தான்.

மக்கள்தொகைதான் காரணம், பெரிய நகரத்தில் நிறைய பேர், அதனால் நிறைய சாம்பியன் என்று இதைச் சுருக்கிவிடலாம் என்பார்கள். கணக்கு அப்படி வரவில்லை. சென்னை முழுவதிலிருந்தும் சாம்பியன்கள் வரவில்லை. வடசென்னையின் சில தெருக்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்தார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா அங்கிருந்து வந்தவர்தான். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு தந்தது. வசதியும் மக்கள்தொகையுமே காரணம் என்றால் பட்டங்கள் அடையாறுக்கும் அண்ணாநகருக்கும் போயிருக்க வேண்டும். வடசென்னையில் இருந்தது வேறு: நடந்து போகும் தூரத்தில் கேரம் மன்றம், அங்கே அளவான பலகை, பலகையின் எதிரே தேசிய அளவில் ஆடியவர். அந்த நெருக்கம் பரம்பரையாகத் தொடர்ந்தது. பெருநகரம் கட்டாயம் இல்லை என்பதற்கு வெளிமாநிலச் சான்றும் உண்டு; 2012-இல் மகளிர் உலகப் பட்டம் வென்ற ரஷ்மி குமாரி பீகாரைச் சேர்ந்தவர்.

‘தென்மாவட்டச் சிறுநகரத்தில் இதெல்லாம் நடக்காது’ என்ற வாதத்துக்குப் பதில் சொல்லத் தொலைதூரம் போக வேண்டாம். கோவில்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊர் ஹாக்கியில் இந்திய அணிக்கு ஆள் அனுப்பியது. 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற அணியில் ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் கோவில்பட்டி மையத்தில் பயின்றவர்கள். அங்கே நடந்தது மாயம் இல்லை. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி வெளியூர் அணிகளை ஊருக்குள் கொண்டுவந்தது. உள்ளூர்ப் பையன்கள் தங்களைவிடச் சிறந்தவர்களைக் கண்ணால் பார்த்தார்கள். செயற்கைப் புல்தரை வந்தது, அளவு கிடைத்தது. விடுதியும் பயிற்சி மையமும் வந்தன, படி கிடைத்தது. இதே மண், இதே வெயில், இதே கூலி வாழ்க்கை. ஆக, இராஜபாளையத்துக்கு வாய்க்காமல் போனது திறமை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வாய்க்காமல் போனது எதுவோ அது பணம் போட்டுக் கட்டக்கூடியது.

கடைசியாக ஒரு மறுப்பு. கேரமுக்கு என்ன பெரிய வசதி வேண்டும், ஒரு பலகையும் கொஞ்சம் பவுடரும் போதாதா? இந்த ஆட்டத்துக்கு மிக அதிகமாகக் கேடு செய்த வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். ஹாக்கிக்குத் தரை வேண்டும் என்று கேட்டால் அரசுக்குப் புரிகிறது. நீச்சலுக்குக் குளம் வேண்டும் என்றால் புரிகிறது. எளிய ஆட்டம் என்ற பெயர் வாங்கிவிட்டதால், கேரமுக்கு எதுவும் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. ஆடத் தொடங்குவதற்குத்தான் குறைவாகப் போதும். வெல்வதற்கு மற்ற ஆட்டங்களுக்கு வேண்டிய எல்லாமே இதற்கும் வேண்டும்.

1996

கொழும்பு வெற்றிக்கு அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதுப் பட்டியலில் மரிய இருதயத்தின் பெயர் இருந்தது. 1961-இல் தொடங்கிய அந்த விருது கேரமுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. 35 ஆண்டுகள் வீட்டு ஆட்டம் என்று ஒதுங்கி நின்ற ஒன்றை, நாடு முதன்முதலாக விளையாட்டு என்று ஒப்புக்கொண்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தேசியக் கூட்டமைப்பு, பிறகு சர்வதேசக் கூட்டமைப்பு, பிறகு உலகப் போட்டி, பிறகு சாம்பியன், அதன் பிறகே அரசின் அங்கீகாரம். கட்டியது ஆர்வலர்கள், வென்றது ஓர் ஆட்டக்காரர், அரசு கடைசியாக வந்தது. மேலே ஏறிவிட்ட ஒருவரைக் கௌரவிப்பது வேறு. அடுத்தவர் ஏறுவதற்குப் படி கட்டிக் கொடுப்பது வேறு. 1996-இல் நடந்தது முதலாவது. இரண்டாவது நடந்ததா என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு வந்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சோதனை 12 ஆண்டுகள் கழித்து வந்தது. 2008-இல், பிரான்ஸின் கான் நகரத்தில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி. மீன்பாடி வண்டி ஓட்டுபவரின் மகள். அர்ஜுனா விருதுக்குப் பிறகு ஏதாவது படி கட்டப்பட்டிருந்தால், அதில் ஏறி வந்தவராக அவர் இருக்க வேண்டும். கட்டப்படவே இல்லை என்றால், அவர் எதைப் பிடித்துக்கொண்டு கான் வரை போனார்? தலைநகரத்து உலகச் சாம்பியனுக்கே வழி அவ்வளவு கடினமாக இருந்திருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்று ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுக்கும் ஒரு சிறுமி எந்தப் படியை நம்பி ஆடத் தொடங்குவது?

(தொடரும்)